ஏறும் நீர், இறங்கும் நீர்: பெரிய விராலுக்கான மாதக் கணக்கு

பெரிய விரால் எந்த மாதத்தில் கிடைக்கும் என்று புதிதாகத் தூண்டில் எடுப்பவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். பன்னிரண்டு மாதமும் கிடைக்கும். ஆனால் பன்னிரண்டு மாதமும் ஒரே இடத்தில், ஒரே வேளையில், ஒரே இரைக்கு அது வாய் திறக்காது. பங்குனியில் மதகுப் பள்ளத்தின் விளிம்பில் நின்ற மீன், ஐப்பசியில் முந்தின மாதம் ஆடு மேய்ந்த புல்தரையில் முழங்கால் தண்ணீருக்குள் திரியும். சித்திரையில் வண்டல் எடுத்த குழி ஒன்றில், தான் தின்னும் கெண்டையோடு சேர்ந்து அடைந்து கிடக்கும். ஆகவே தேதியைப் பார்க்கும் முன் தண்ணீரைப் பாருங்கள். ஏறுகிறதா, இறங்குகிறதா, நிற்கிறதா? இந்த அத்தியாயத்தில் சொல்லப்போவதெல்லாம் அந்தக் கேள்விக்குள் அடக்கம்.

இங்கே விரால் என்று நான் சொல்வது இரண்டு மீன்களை. ஏரி, கண்மாய், வயல் வாய்க்கால் எங்கும் இருக்கும் சாதாரண விரால் ஒன்று. அது 3 கிலோவைத் தொட்டாலே பெரிய மீன்தான். மற்றது ஆற்றிலும் அணையிலும் பெரிய ஏரிகளிலும் வளரும் பூவிரால். சில ஊர்களில் அவிரி என்பார்கள். ஒரு மீட்டரையும் தாண்டி வளரக்கூடியது. குட்டைகளில் கிடைக்கும் குறவையும் இதே குடும்பம்தான் என்றாலும், அது சிறு மீன். இந்தப் பக்கங்கள் அதற்கானவை அல்ல.

இரண்டு விராலுக்கும் பொதுவான ஒரு குணத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் கணக்கு முடிந்துவிடும். விராலால் செவுளை மட்டும் நம்பி வாழ முடியாது. செவுளுக்கு மேலே, தலைக்குள், காற்றை அடக்கிவைக்க ஓர் அறை இருக்கிறது. அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும். மேலே வர வழியில்லாதபடி வலையில் சிக்கினால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். ஒளிந்து நின்று வேட்டையாடும் மீன், தான் இருக்கும் இடத்தைத் தானே வந்து காட்டிவிட்டுப் போகிறது. ஜிலேபிக் கெண்டை மேலே வந்தால் சின்ன வட்டமாக அலை விரியும். விரால் வந்தால் தண்ணீர் ஒரு பக்கமாகப் புரளும், ‘களக்’ என்று ஒரு சத்தம், பிறகு அது இறங்கிய வழியில் நாலைந்து குமிழி. குமிழி எந்தத் திசையில் வரிசை போடுகிறதோ அந்தத் திசையில், சற்று முன்னால் எறியுங்கள். புரண்ட இடத்தின் மேலேயே எறிந்தால் மீன் விலகிவிடும்.

வெயில் ஏறஏற நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். அதே சமயம் மீனின் உடம்புக்குத் தேவை கூடும். அதனால் கோடையில் அடிக்கடி மேலே வரும். சித்திரையில் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால், அந்தப் பகுதியில் எத்தனை மீன் இருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். மார்கழிக் குளிரில் அவ்வளவு சுலபமாகத் தெரியாது. பொறுமை அதிகம் வேண்டும்.

தை, மாசி

மழை ஓய்ந்து, உபரி நீர் வழியும் கலங்கலில் மறுகால் நின்று, தண்ணீர் தெளியத் தொடங்கியிருக்கும். மட்டம் பெரிதாக மாறாது. இரவில் தண்ணீர் குளிர்ந்துவிடுவதால் விடியற்காலையில் போவது வீண். காலை 10 மணிக்கு மேல், மாலை 3 மணிக்குள் என்பதே என் கணக்கு. வடக்கிலிருந்து வாடை வீசும் காலம் என்பதால் ஏரியின் வடகரை காற்றுக்கு மறைவாக இருக்கும். தெற்கே சாய்ந்து போகும் சூரியனின் வெயிலும் அந்தக் கரையில்தான் நேராக விழும். அங்கே இடுப்பளவுக்குக் குறைந்த, கோரை முளைத்த ஓரங்கள் மதிய நேரத்தில் மற்ற இடங்களைவிடச் சூடாக இருக்கும். விரால் அங்கே வந்து வெயில் காயும்.

குளிர்ந்த மீன் துரத்தாது. வேகமாக இழுக்கும் செயற்கை இரை (லூர்) எதுவும் இப்போது உதவாது. விரல் நீளக் கெண்டையை உயிரோடு முதுகில் கோத்து, சின்னத் தக்கையில் தொங்கவிட்டு, கோரை ஓரத்தில் நிறுத்திவைப்பது நல்லது. தண்ணீர் தெளிவாக இருப்பதால் நரம்பின் கடைசி முழம் மெல்லியதாக, நிறமற்றதாக இருக்கட்டும். கரைமேல் நின்று எறியாதீர்கள். உங்கள் நிழல் தண்ணீரில் விழுந்த பிறகு அந்த இடத்தில் மீன் இருக்காது.

பங்குனி

வருடத்தில் ஒரே ஒரு மாதம்தான் தூண்டில் போட முடியும் என்று யாராவது சொன்னால், நான் பங்குனியைக் கேட்பேன். பாசனத்துக்கு மதகு திறந்து தண்ணீர் மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கும். வெயில் வந்துவிட்டது, ஆனால் இன்னும் கொளுத்தவில்லை. விராலுக்கு நன்றாகப் பசிக்கும்.

இறங்கும் தண்ணீர் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஓரத்துப் புல்லுக்குள்ளும் பாசிக்குள்ளும் மறைந்திருந்த சின்ன மீன்களை, இறாலை, தலைப்பிரட்டையை எல்லாம் அது மெல்ல மெல்ல வெளியே தள்ளுகிறது. பாசி முடிந்து திறந்த தண்ணீர் தொடங்கும் அந்தக் கோட்டில்தான் பெரிய மீன் காத்து நிற்கும். கரையிலிருந்து நடு ஏரியை நோக்கி எறிவது பெரும்பாலானோர் பழக்கம். அப்படி எறிந்தால் இரை அந்தக் கோட்டை ஒரு தடவை குறுக்கே கடக்கும், அவ்வளவுதான். கோட்டுக்கு இணையாக, அதை ஒட்டியே எறிந்து இழுத்தால், ஒவ்வோர் எறியிலும் முழு நீளத்துக்கும் இரை மீனின் வாய்க்கு முன்னால் போகிறது.

கரைக்கு மண் எடுத்த பள்ளம் பல ஏரிகளில் உட்கரையை ஒட்டியே நீளமாக ஓடும். மதகுக்கு முன்னால் அது ஆழமாகும். ஏரிக்குள் நட்ட கருவேல மரங்கள் இருந்தால், அவற்றின் அடி இன்னும் தண்ணீருக்குள் இருக்கிறவரை, ஒவ்வொரு மரமும் ஒரு விரால் நிற்கக்கூடிய இடம். ஒரு மரத்தடியில் ஒன்றைப் பிடித்தால் அந்த இடத்தை மறக்காதீர்கள். நல்ல இடம் காலியானால் சில நாளில் வேறொரு மீன் வந்து பிடித்துக்கொள்ளும்.

இந்த மாதத்துக்கு ரப்பர் தவளைக்கு மிஞ்சியது இல்லை. உள்ளே கூடான உடம்பு, இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி நிற்கும். ஆகாயத்தாமரை, அல்லி இலை மேல் இழுத்தாலும் மாட்டாது. 6½ அல்லது 7 அடிக் கம்பு, விறைப்பானது. 40 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு. இது மீனின் எடைக்காக அல்ல. கடித்தவுடன் பாசிக்குள் தலையை நுழைக்கும் மீனை அந்தப் பாசியோடு சேர்த்து இழுப்பதற்காக. தவளையை இலைப் பரப்பின் மேல் போட்டு, இழுத்து, இடைவெளி வரும் இடத்தில் நிறுத்துங்கள். மூன்று எண்ணும்வரை அசைக்காதீர்கள். பெரும்பாலான அடி அப்போதுதான் விழும்.

தண்ணீர் வெடித்ததும் கை தானாக இழுக்கும். இழுக்காதீர்கள். விரால் முதலில் அடிக்கிறது, அப்புறம்தான் வாய்க்குள் திருப்புகிறது. நரம்பு நகர்ந்து, கம்பு நுனியில் எடை தெரிந்த பிறகு ஒரே வெட்டு, பலமாக. அதற்குப் பிறகு தாராளம் காட்டக் கூடாது. பாசிக்குள் போக விட்டால் மீனும் போகும், தவளையும் போகும்.

உயிருள்ள தவளையைக் கோப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேண்டாம். வயலில் பூச்சி தின்னும் உயிர் அது. தவளைக்கால் ஏற்றுமதிக்காக அளவில்லாமல் பிடித்ததால்தான் இந்தியா 1987-ல் அந்த ஏற்றுமதியையே தடை செய்தது. ரப்பர் தவளை அதே வேலையைச் செய்கிறது, நாள் முழுவதும் ஒன்றே போதும்.

ஒரு நடைமுறை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ஏரி, கண்மாய்களில் மீன்பாசி, அதாவது மீன்பிடி உரிமை, ஏலம் விட்டிருப்பார்கள். குத்தகை எடுத்தவரிடம் கேட்காமல் தூண்டில் போடுவது திருட்டு. கேட்டால், விராலுக்கு மட்டும் என்று சொன்னால், பலர் சம்மதிப்பார்கள். அவர் விட்ட கெண்டைக் குஞ்சைத் தின்பதே விரால்தான். வேடந்தாங்கல், கரிக்கிலி, வெள்ளோடு, கூந்தன்குளம் போன்ற பறவைகள் சரணாலய நீர்நிலைகளில் எந்த மாதமும் கூடாது.

சித்திரை, வைகாசி, ஆனி

மட்டம் வேகமாக இறங்கும். விடியும் முன் தொடங்கி 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு ஒரு மணி நேரம். நடுப்பகலில் விரால் மேலே வருவது கண்ணுக்குத் தெரியும், ஆனால் அது மூச்சுக்காக வருகிறது, இரைக்காக அல்ல. அதன் பின்னால் எறிந்துகொண்டே நின்றால் உங்களுக்குத்தான் வெயில் தாக்கும்.

கோடை மழையைத் தவற விடாதீர்கள். இடியோடு ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் காலை, வாய்க்கால் வழியாகக் கொஞ்சம் புதுத் தண்ணீர் வந்து விழும் இடத்துக்குப் போங்கள். சூடான, ஆழமில்லாத ஏரியில் மழை அடித்தால் அடித்தண்ணீர் கலங்கி, ஜிலேபியும் கெண்டையும் வாய் பிளந்து மிதக்கும். காற்றை விழுங்கத் தெரிந்த விராலுக்கு அந்தத் திணறல் இல்லை. நாலைந்து வாரம் மந்தமாகக் கிடந்த ஏரி அந்த ஒரு காலையில் விழித்துக்கொள்ளும்.

ஏரி சுருங்கி ஒன்றிரண்டு குழியாகிவிட்டால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை, திண்டுக்கல் பக்கம் இந்த நேரத்தில்தான் ஊர் கூடி மீன்பிடித் திருவிழா நடத்துவார்கள். பெரியவர் ஒருவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீச, ஊத்தாக் கூடையோடும் கச்சா வலையோடும் எல்லோரும் இறங்குவார்கள். பல ஊர்களில் அன்றைக்குப் பிடித்த மீனை விற்பதில்லை, வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிடுவது மட்டும்தான். அது ஊருக்கான மீன். தப்பிப் பிழைத்து ஈரச் சேற்றுக்குள் புதைந்துகொள்ளும் விரால், உடம்பும் மூச்சறையும் காயாதவரை உயிரோடு கிடந்து, அடுத்த மழைக்கு வெளியே வந்து இனம் பெருக்கும். வெளியேற வழியில்லாமல் குழியில் அடைபட்ட மீனைத் தூண்டிலில் அள்ளுவதில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

அந்த மாதங்களில் செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது. காலி ஏரிக்குள் நடந்து பாருங்கள். இந்த ஒரு நடை, மழைக்காலத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் எறிந்து தேடுவதைவிட அதிகம் சொல்லித் தரும். பழைய ஓடை எந்த வழியாக வளைந்து மதகுக்கு வருகிறது, எந்தக் கருவேலத்தின் வேர் அடியில் குடைவு இருக்கிறது, கரைக்குப் போட்ட கல் எங்கே சரிந்து கிடக்கிறது, எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து, கரையில் உள்ள பனைமரத்தையோ மதகையோ அடையாளமாகக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டல் எடுத்த குழிகளைக் கட்டாயம் குறியுங்கள். ஐப்பசியில் முழங்கால் தண்ணீர் என்று நினைத்து நடப்பவரை இரண்டு ஆள் ஆழத்துக்கு இழுத்துவிடுவது அந்தக் குழிதான். ஏரி நிறைந்த பிறகு மேலிருந்து பார்த்தால் அது தெரியவே தெரியாது.

ஆடி, ஆவணி

ஏரிகளில் மேல்காற்று ஓங்கி அடிக்கும். மிதக்கும் ஆகாயத்தாமரையெல்லாம் கிழக்குக் கரையில் போய் ஒதுங்கும். அந்த மிதவையின் ஓரமும் அதில் காற்று கிழித்த சந்துகளும் பார்க்க வேண்டிய இடங்கள். ஏரியைப் பொறுத்தவரை இவ்வளவுதான்.

அணையில் கதை தலைகீழ். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. ஏரிகள் நிறைவது அதில்தான். ஆனால் 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணைக்குத் தண்ணீர், குடகிலும் கேரள மலைகளிலும் தென்மேற்குப் பருவமழை பிடிப்பதால் வருகிறது. பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12; நல்ல ஆண்டில் ஆடியில் வெள்ளம் வந்து மட்டம் 120 அடியை நோக்கி ஏறும். கோடையில் வெளியே தெரிந்த கரைநிலத்தின் புல்லும் பயிர்த்தாளும் தண்ணீருக்குள் போகும், சின்ன மீன் அதற்குள் மேயப் போகும், பூவிராலும் வாளையும் பின்னாலேயே வரும். ஐப்பசியில் ஏரி செய்வதை அணை ஆடியில் செய்கிறது. தேதியைப் பார்க்கும் முன் தண்ணீரைப் பாருங்கள் என்று முதலிலேயே சொன்னதற்குக் காரணம் இதுதான்.

அணையில் பூவிராலோடு மாட்டக்கூடிய வாளை, மீசையுள்ள இரவு மீன். கலங்கிய தண்ணீரைப் பற்றிக் கவலைப்படாது, மீசையால் தேடும். பழைய ஆற்றுத்தடம் நீர்த்தேக்கத்துக்குள் திரும்பும் இடத்தில், ஈயம் கட்டி, உள்ளங்கை அகல மீனைத் தரையோடு வையுங்கள். அதன் வாய் நிறைய ஊசிப் பல், ஆகவே முள்ளுக்கு மேல் ஒரு முழம் கனமான நரம்பு வேண்டும். ஆனால் வாளை நம் ஆறுகளில் வேகமாகக் குறைந்துவிட்டது. அழியக்கூடிய நிலையில் உள்ள இனமாகச் சிவப்புப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. கையில் வந்தால் பார்த்துவிட்டுத் திரும்ப விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு முள்ளை முன்பே இடுக்கியால் நசுக்கிவைத்தால் கழற்றுவது சுலபம். கையை நனைத்துக்கொண்டு பிடித்தால் அதன் வழவழப்பு உரியாது. அணையில் மீன்பிடிக்க மீன்வளத்துறை அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். மதகுக்குக் கீழே ஆற்றுப் படுகைப் பாறையில் ஒருபோதும் நிற்காதீர்கள். தண்ணீர் திறந்தால் திரும்பி வர நேரம் இருக்காது.

புரட்டாசியில் பல வீடுகளில் கவிச்சி கிடையாது. பழைய நரம்பை மாற்றவும் துருப்பிடித்த முள்ளைக் கழிக்கவும் அந்த மாதம் பொருத்தம்.

ஐப்பசி, கார்த்திகை

முதல் பெருமழைக்கு ஏரியில் தண்ணீர் ஏறத் தொடங்கும் அந்த ஒரு வாரம், பெரிய விரால் பிடிக்கத் தெரியாதவருக்கும் கிடைக்கும். காய்ந்த நிலத்தில் தண்ணீர் பரவும்போது வெட்டுக்கிளி, மண்புழு, பிள்ளைப்பூச்சி எல்லாம் மிதந்து வரும். மீன் புதுத் தண்ணீரை எதிர்த்து ஏறும். இரவு மழையில் விரால் ஈரப் புல்லின் மேல் நெளிந்து, வரப்பைத் தாண்டி அடுத்த குட்டைக்கே போய்விடும். வரத்துக்கால் ஏரியில் சேரும் வாயில், கலங்கிய தண்ணீரும் தெளிந்த தண்ணீரும் சந்திக்கும் கோட்டில், தெளிந்த பக்கமாக நின்று எறியுங்கள். ஆழத்தை மறந்துவிடுங்கள். பெரிய மீன் முதுகு தெரியும் அளவு தண்ணீரில் இருக்கும்.

அந்த வாரம் முடிந்ததும் ஓரத்தை உற்றுப் பாருங்கள். புல்லுக்கு நடுவே யாரோ கையால் விலக்கிவிட்டது போல ஒரு வட்டம் தெரிந்தால், அது விரால் கூடு. செடியைக் கடித்து விலக்கி அந்த வட்டத்தைச் செய்கிறது. முட்டை எண்ணெய்ப் பசையால் மேலேயே மிதக்கும். கீழே மீன் காவல் நிற்கும். முட்டை ஓரிரு நாளில் பொரிந்ததும் காவல் முடிவதில்லை. செம்மஞ்சள் நிறத்தில் ஒரு குஞ்சுக் கூட்டம் தண்ணீர்ப் பரப்பைக் கலக்கியபடி நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். அவையும் காற்று விழுங்க வர வேண்டும். அப்போதுதான் கொக்கும் மீன்கொத்தியும் பாயும். அதனால் தாயும் தந்தையும் கூட்டத்துக்கு அடியிலேயே வாரக்கணக்கில் நிற்கும். நெருங்கும் எதையும் அடிக்கும், பசியில்லாவிட்டாலும் அடிக்கும்.

குஞ்சுக் கூட்டத்தின் நடுவில் தவளையைப் போட்டால் பெரிய விரால் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த உபாயம். கைதேர்ந்தவர்கள் என்று பெயர் எடுத்தவர்களும் செய்கிறார்கள். செய்யாதீர்கள் என்று இந்தப் புத்தகத்தில் நான் அழுத்திச் சொல்லும் ஒரே விஷயம் இது. காவலை எடுத்த சில மணி நேரத்தில் குஞ்சுகளைக் கெண்டையும் குறவையும் மற்ற விராலுமே தின்று தீர்த்துவிடும். அடுத்த ஆண்டு அந்த ஏரியில் பெரிய மீன் இல்லை என்று குறைப்படுவது, பெரும்பாலும் முந்தின கார்த்திகையில் அதைப் பிடித்தவர்கள்தான். கூட்டத்தைக் கண்டால் 20 அடி விலகி வேறிடம் பாருங்கள். தவறுதலாகக் காவல் மீன் மாட்டினால், கரையில் போட்டுப் படம் எடுக்காமல் உடனே அதே இடத்தில் விட்டுவிடுங்கள். கூட்டத்தைத் தேடிப் போய்ச் சேர்ந்துகொள்ள வாய்ப்பு உண்டு.

வீட்டுக்கு எடுப்பதென்றால் எந்த மாதமும் ஒரு முழத்துக்குக் குறைந்ததை எடுக்காதீர்கள். அந்த அளவுக்குள் ஒரு தடவையாவது குஞ்சு பொரித்திருக்கும். எடுத்த மீனைப் பையில் துடிக்க விடக் கூடாது. காற்றில் மூச்சுவிடும் மீன் என்பதால் மணிக்கணக்கில் சாகாது. தலையில் ஒரே அடி அடித்து முடித்துவிடுங்கள்.

மார்கழி

மழை நின்று, ஏரி நிறைந்து, மறுகால் மெலியும். பெரும்பாலான குஞ்சுகள் நிறம் மாறிப் பிரிந்திருக்கும். பிந்திப் பொரித்த கூட்டம் இருந்தால் ஓரங்களை இன்னும் சில நாள் சும்மா விடுங்கள். இந்த மாதத்துக்கு வேறு இடம் இருக்கிறது. கலங்கல் வழிந்தபோது அதோடு வெளியேறிய மீன்கள், மறுகால் நின்றதும் கலங்கலுக்குக் கீழே உள்ள குட்டைகளில் சிக்கிக்கொள்ளும். கீழ் ஏரியோடு தொடர்பு அறுந்த குட்டை என்றால் மாசிக்குள் வற்றிவிடும். அதில் உள்ள விராலைத் தயங்காமல் பிடிக்கலாம். சின்னதைப் பிடித்தால் வாளியில் தூக்கிக்கொண்டு போய் ஏரிக்குள் விடுங்கள். வெயில் ஏறிய பிறகு போங்கள், மண்புழுவே போதும். கலங்கல் கல் பாசி பிடித்து வழுக்கும். ஓரமாக, மண் தெரியும் பக்கமாக இறங்குங்கள்.